நாம் காண்பது உலகத்தை உள்ளபடியா? மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்துப் பாடசாலை அறிவியல் வகுப்புகளிலும் வாசிகசாலைக் கூட்டங்களிலும் திரும்பத் திரும்ப எழும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பல பதில்களை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வாசித்துவிட்டுத் தலையாட்டுவதைவிடச் செய்து பார்ப்பதே மேல்.

சேர், கண்ணால பார்க்கிறது உண்மைதானே? இதுல சந்தேகப்பட என்ன இருக்கு?

பெரும்பாலும் நம்பலாம். படி தெரியும் இடத்தில் கால் வைத்தால் படி இருக்கிறது. ஆனால் நம்பி நடக்கலாம் என்பது ஒன்று, உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்பது இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை ஒரு தாளில் பார்த்துவிடலாம்.

வெள்ளைத் தாளின் இடப்பக்கம் சிறிய கூட்டல் குறி ஒன்று போடுங்கள். அதற்கு நேரே வலப்பக்கம், 8 சென்ரிமீற்றர் தள்ளி, 1 சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை அரை மீற்றர் தூரத்திலிருந்து மெல்லக் கிட்டக் கொண்டுவந்தால், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றரில் புள்ளி காணாமல் போகும். இன்னும் கிட்ட வந்தால் திரும்பத் தெரியும். மறையவே இல்லை என்றால் அநேகமாகக் கண் புள்ளிப் பக்கம் நழுவியிருக்கும், தாள் சரிந்திருக்கும், அல்லது மூட வேண்டிய கண் மாறியிருக்கும். வலக்கண்ணால் பார்க்கும்போது புள்ளி வலப்பக்கம்தான் இருக்க வேண்டும்.

விழித்திரையின் நரம்பிழைகள் ஒன்றாகத் திரண்டு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் கிடையாது. அதுதான் குருட்டுப் புள்ளி. 1660களில் பிரான்ஸைச் சேர்ந்த எட்மே மரியொட் இதைக் கண்டறிந்தார். இதன் அகலம் 5 பாகைக்குச் சற்று மேல். முழுநிலாவோ அரைப் பாகைதான். பத்து நிலாவை வரிசையாக வைத்தாலும் விழுங்கிவிடும் அளவு ஓட்டை, ஒவ்வொரு கண்ணிலும்.

அவ்வளவு பெரிய ஓட்டைன்னா அந்த இடம் கறுப்பாத் தெரியணுமே?

தெரியாது. கரும்புள்ளியின் ஊடாக, இரண்டு பக்கமும் 4 சென்ரிமீற்றர் நீளும்படி ஒரு நேர்கோடு வரைந்து அதே சோதனையைச் செய்யுங்கள். புள்ளி மறையும், கோடு மட்டும் வெட்டுப்படாமல் ஓடும். மஞ்சள் தாளில் செய்தால் அந்த இடம் மஞ்சளாக இருக்கும். தகவல் வராத இடத்தை மூளை சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்புகிறது. நிரப்பியதற்கு எந்த அடையாளமும் வைப்பதில்லை.

காலத்திலும் இப்படி நடக்கிறது. கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். கண் அசைவதை நீங்கள் பார்க்கவே முடியாது. பக்கத்தில் நிற்பவருக்கு அது நன்றாகத் தெரியும். கண் தாவும் அந்தச் சிறு பொழுதில் வரும் கலங்கிய காட்சியை மூளை நமக்குக் காட்டாமல் விடுகிறது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கண் நொடிக்கு மூன்று தடவை போலத் தாவிக்கொண்டே இருக்கிறது.

நிறம் பொருள்ல இருக்கா, கண்ணுல இருக்கா?

போனில் மஞ்சள் நிறப் படம் ஒன்றைத் திரை நிறையத் திறந்து வையுங்கள். ஈர்க்கு நுனியில் தண்ணீர் தொட்டு, 1 அல்லது 2 மில்லிமீற்றர் துளி ஒன்றைத் திரைமேல் வைத்து உற்றுப் பாருங்கள். விரலால் வைத்தால் துளி பெரிதாகித் தட்டையாகிவிடும், உருப்பெருக்காது. துளிக்குள் சிவப்புப் பொட்டுகளும் பச்சைப் பொட்டுகளும் தெரியும். மஞ்சள் பொட்டு ஒன்றுகூட இருக்காது.

வெயிலில் பிரியும் வானவில்லின் மஞ்சள் ஏறத்தாழ 580 நனோமீற்றர் அலைநீளம் கொண்ட ஒளி. போன் திரையின் மஞ்சளோ சிவப்பும் பச்சையும் கலந்த ஒளி. ஆனாலும் இரண்டும் ஒரே மஞ்சளாகத் தெரிகின்றன. காரணம், நிறம் அறியும் கூம்புக் கலங்கள் நம்மிடம் மூன்றே வகை. வரும் ஒளி எதுவானாலும் மூளைக்குப் போவது அந்த மூன்று வகையின் அளவுகள்தான். மூன்று அளவும் ஒத்துப்போனால் நிறம் ஒன்றே. ஆகவே பொருளின் பரப்பு எந்த ஒளியை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பது பொருளைச் சேர்ந்தது. மஞ்சள் என்ற தோற்றம் பொருள், வெளிச்சம், கண் மூன்றும் சேர்ந்து உண்டாவது.

கடையில எடுத்த சாரி வீட்டுக்கு வந்ததும் வேற நிறமாகிடுது. கடைக்காரர் ஏமாத்துறாரா?

பெரும்பாலும் இல்லை. முந்தைய பதிலின் நேரடி விளைவு இது. வேறு வேறு சாயம் தோய்த்த இரண்டு துணிகள் கடையின் எல்ஈடி வெளிச்சத்தில் ஒரே மூன்று அளவைத் தரலாம், வெயிலில் தராமல் போகலாம். சாரிக்குச் சட்டைத்துணி பொருத்தும்போது இரண்டையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பாருங்கள். இராத்திரி கட்டும் சாரி என்றால் மஞ்சள் பல்ப் வெளிச்சத்திலும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நுவரெலியா விடியக்காலைக் குளிர்ல கவ்வாத்துக் கத்தியோட இரும்பு சுரீர்னு இருக்கு, மரப்பிடி அப்படி இல்லையே. இரும்புதானே கூடக் குளிரா இருக்கு?

இராமுழுக்க ஒரே இடத்தில் கிடந்த கத்தியில் இரும்பும் பிடியும் ஒரே வெப்பநிலைதான். வெப்பமானியைத் தொட்டுவைத்துப் பார்த்தால் தெரியும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 32, 33 பாகை. இரும்பு அந்தச் சூட்டை மரத்தைவிடச் சில நூறு மடங்கு வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது. தோல் உணர்வது பொருளின் வெப்பநிலையை அன்று, தன் சூடு போகும் அல்லது வரும் வேகத்தை.

மூன்று பாத்திரச் சோதனையும் இதையே காட்டும். 15, 30, 40 பாகையில் தண்ணீர் எடுங்கள். ஒரு கையைக் குளிர்நீரிலும் மறு கையைச் சுடுநீரிலும் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் சேர்த்து நடுப் பாத்திரத்தில் விடுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிராகவும் இருக்கும். 40 பாகைக்கு மேல் போக வேண்டாம். இதில் ஒரு பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது: அடுப்படியில் நின்று கை சூடேறியவர் கையால் பார்த்து, குழந்தையைக் குளிப்பாட்டும் தண்ணீர் பதமாக இருப்பதாக நினைத்துவிடலாம். வெப்பமானி வையுங்கள், 37 பாகை போதும். அது இல்லாவிட்டால் முழங்கையால் பாருங்கள்.

தடிமன் பிடிச்சா தேத்தண்ணி வெறும் சுடுதண்ணி மாதிரி ஆகிடுது. நாக்கு கெட்டுப்போகுதா?

நாக்கு அப்படியே இருக்கிறது, மூக்குத்தான் அடைத்திருக்கிறது. ஒரு தேக்கரண்டிச் சீனியில் ஒரு சிட்டிகை கறுவாத்தூள் கலந்து, மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்ட அடுத்த நொடி கறுவா வந்துவிடும். வாயிலிருந்து தொண்டை வழியே மூக்குக்கு ஏறும் மணத்தை நாம் நாக்கின் ருசி என்று எண்ணிக்கொள்கிறோம்.

தேயிலை ருசி பார்ப்பவர்கள் சத்தமாக உறிஞ்சுவதற்குக் காரணமும் இதுவே. சாயம் தூறலாகச் சிதறி மணம் மேலே ஏற வேண்டும். அவர்களுடைய முறையில் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தேயிலை, கொதிநீர், 6 நிமிடம் என்று சர்வதேசத் தர முறை வகுத்திருக்கிறது. ஒரு கோப்பை ஒரு நிமிடம் கூட ஊறினாலும் ஒப்பீடு கெட்டுவிடும். பழகிய நாக்கையும் கட்டுப்பாடில்லாமல் நம்புவதில்லை என்பது எங்களுக்கு மிகவும் பிடித்த விஷயம்.

நான் பார்க்கிற சிவப்பும் நீங்க பார்க்கிற சிவப்பும் ஒண்ணா?

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கிடக்கின்றன. நிறங்களைப் பிரித்தறிவது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதா என்றால், ஆம், அதைச் சோதிக்கலாம். சிவப்பு, பச்சைக் கூம்புகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் சிவப்பு பச்சை பிரியாத குறை ஆண்களிடமே அதிகம். புள்ளிகளுக்குள் இலக்கம் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளில் அது பிடிபடும்.

இருவரும் ஒரே மாதிரிப் பிரித்தறிந்து, ஒரே பெயர் சொல்லி, உள்ளே மட்டும் வேறு வேறு விதமாக உணர்கிறோமா என்பது அடுத்தது. 1690இல் ஆங்கில மெய்யியலாளர் ஜோன் லொக் எழுப்பிய இந்தச் சந்தேகத்துக்கு இன்னும் எல்லாரும் ஏற்கும் விடை இல்லை.

அப்போ பூச்சி, பாம்பு எல்லாம் வேற உலகத்தையா பார்க்குது?

அதே உலகத்தின் வேறு பகுதிகளை. நமக்குத் தெரிவது ஏறக்குறைய 380 முதல் 740 நனோமீற்றர் வரையான ஒளி. தேனீ அதற்குக் கீழே புறஊதாவையும் காண்கிறது, சிவப்பைக் காண்பதில்லை. நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் பல பூக்களில் தேனீக்கு நடுவே வேறு கோலம் தெரிகிறது. மரங்களிலும் சிலவேளை தேயிலைச் செடிகளிலும் சுருண்டு கிடக்கும் பச்சைக் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் நாசிக்கும் இடையே ஒரு குழி உண்டு. எலியின் உடற்சூடு இருட்டிலும் அதில் படும். நம் காது 20 முதல் 20,000 ஹேட்ஸ் வரை கேட்கும். வௌவால் எழுப்பும் ஒலி அதற்கும் மேலே.

கொழுந்து நிறுக்கும் தராசு எடையைச் சொல்லும், மணத்தைச் சொல்லாது. அதற்காகத் தராசு பொய் சொல்கிறது என்று யாரும் சொல்வதில்லை. எதை அளக்கிறது, எதை விடுகிறது, எவ்வளவு பிசகும் என்று தெரிந்தால் போதும். புலன்களையும் அப்படியே எடைபோட வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

சிவனொளிபாதமலை நிழல் அச்சு அசலா முக்கோணமா விழுதே. மலை அவ்வளவு கூம்பாவா இருக்கு?

மலை கூம்புதான், ஆனால் நிழல் முக்கோணமாவதற்கு அது காரணமில்லை. உச்சி தட்டையான மலையின்மேல் நின்று பார்த்தாலும் விடியற்கால நிழல் முக்கோணமாகவே தெரியும். ஜப்பானின் பூஜி மலையிலும் அப்படித்தான். 2,243 மீற்றர் உயரத்தில் நிற்கிறீர்கள். சூரியன் அடிவானத்தில் இருப்பதால் நிழல் மேற்கே பல கிலோமீற்றர் நீள்கிறது. அதன் இரு விளிம்புகளும் ஏறக்குறைய இணையாகவே ஓடுகின்றன. தொலைவு கூடக் கூட இணைகோடுகள் நெருங்கி ஒரு புள்ளியில் சேர்வதாகக் கண்ணுக்குத் தெரியும். அந்தப் புள்ளிதான் முக்கோணத்தின் முனை.

பார்க்க விரும்பினால், சூரியன் தலைகாட்டியதும் எல்லாரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேற்குப் பக்கத்துக்கு நகர்ந்துவிடுங்கள். சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி மலையடிக்கு வந்துவிடும். மேற்கே கீழே மெல்லிய பனி படர்ந்திருந்தால் உருவம் தெளிவாக இருக்கும். படமும் எடுக்கலாம். கண்ணுக்கு எப்படித் தெரிந்ததோ அப்படியே கமராவிலும் விழும், ஏனென்றால் இது மூளையின் வேலையல்ல, நிற்கும் இடத்தின் வேலை.

அங்க நின்னு பார்க்கிற சூரியனாவது உண்மையான இடத்துல இருக்கா?

இல்லை. வளிமண்டலம் ஒளியை வளைப்பதால் அடிவானத்தில் எல்லாம் ஏறத்தாழ 34 பாகைக்கலை (ஒரு பாகையில் 60இல் ஒரு பங்கு ஒரு பாகைக்கலை) மேலே தூக்கிக் காட்டப்படும். சூரியனின் அகலமே 32 பாகைக்கலைதான். கடற்கரையில் நின்று, சூரியனின் அடி விளிம்பு அடிவானத்தைத் தொடும்போது பார்த்தால், நேர்கோட்டுக் கணக்குப்படி முழுச் சூரியனும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. அந்த ஒளியும் 8 நிமிடம் 20 நொடிக்கு முன் புறப்பட்டது.

ஹோர்ட்டன் சமவெளில, பனிக்குள்ள பெரிய ஆள் உருவம், தலையைச் சுத்தி வானவில் வளையம் பார்த்ததா சொல்றாங்க. அது என்ன மிஸ்?

அது பார்ப்பவரின் சொந்த நிழல். முதுகில் தாழ்ந்த வெயிலும் எதிர்ப் பள்ளத்தில் மூடுபனியும் இருக்கும்போது, அங்குள்ள ‘உலக முடிவு’ என்ற மலைவிளிம்பு போன்ற இடங்களில் இது தெரியக்கூடும். பனித்துளிகள் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும்போது நிற வளையம் உண்டாகிறது.

இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்றால், ஒவ்வொருவருக்கும் வளையம் தன் தலையைச் சுற்றி மட்டுமே தெரியும். போனில் படம் எடுத்தால் வளையத்தின் நடு, போனின் நிழல் விழும் இடத்தில் இருக்கும். ஆக, வளையம் கற்பனையல்ல, கமராவுக்கும் தெரிகிறது. ஆனால் பனிக்குள் ஓரிடத்தில் தொங்கும் பொருளும் அல்ல. உருவம் இராட்சதமாகத் தோன்றுவது மட்டும் வேறு கணக்கு: நிழல் கிட்டத்துப் பனியில் விழுந்திருக்க, மூளை அதைத் தூரத்து மலைப்பக்கம் வைத்துப் பார்ப்பதால் அளவைப் பெருக்கிக்கொள்கிறது. ஒளி செய்வதும் மூளை செய்வதும் ஒரே காட்சியில் கலந்திருக்கும்போது பிரித்துப் பார்க்கக் கமராவும் அளவுகோலும் உதவும்.

கண்ணால மட்டம் பார்த்துக் கான் (வடிகால்) வெட்டினா தண்ணி ஏன் தேங்கி நிக்குது?

மலைச்சரிவில் கிடைமட்டத்தைக் கண்ணால் கணிப்பது மிகக் கடினம். சுற்றிலும் எல்லாம் சரிந்திருப்பதால் சரிவின் ஒரு பகுதியே மட்டமாகத் தோன்றும். சரிவின் அளவையும் நாம் பெரிதாக்கிப் பார்க்கிறோம். 1995இல் டெனிஸ் புரொஃபிட் குழுவினர் செய்த ஆய்வில் 5 பாகைச் சரிவை மக்கள் ஏறத்தாழ 20 பாகை என்று சொன்னார்கள். நாவலப்பிட்டியிலிருந்து மேலே ஏறும் ரயில் பாதையின் பெரிய ஏற்றம் 44க்கு 1. பாகையில் சொன்னால் 1.3. உட்கார்ந்து போகிறவர் எவரும் அவ்வளவு குறைவாகச் சொல்லமாட்டார்.

அளப்பது சுலபம். பாகைமானியின் நடுத்துளையில் 20 சென்ரிமீற்றர் நூல் கட்டி, முனையில் ஒரு நட்டைத் தொங்கவிடுங்கள். உங்கள் கண் உயரத்துக்கு அடையாளமிட்ட கம்பு ஒன்றைச் சரிவில் மேலே நட்டு, பாகைமானியின் நேர்விளிம்பு வழியே அந்த அடையாளத்தைப் பாருங்கள். நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே சரிவு. காற்றில் நூல் ஆடினால் கனமான நட்டுப் போடுங்கள். கானுக்கு மட்டம் பார்க்க, தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி இரு முனையையும் இரண்டு கம்புகளில் கட்டினால் இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும். தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் அடையாளம் போட வேண்டும்.

அது மாயத்தோற்றம்னு தெரிஞ்ச பிறகும் ஏன் அப்படியே தெரியுது?

பார்வையைக் கட்டும் மூளைப் பகுதிகள் நம் அறிவைக் கேட்டு வேலை செய்வதில்லை. ஒரே நீளமுள்ள இரு கோடுகளில் ஒன்றுக்கு அம்புமுனைகளை உள்நோக்கியும் மற்றதுக்கு வெளிநோக்கியும் வரைந்த படத்தை 1889இல் முல்லர் லையர் வெளியிட்டார். அளந்து பார்த்த பிறகும் ஒன்று நீளமாகவே தெரியும். மலை விளிம்பில் எழும் நிலா பெரிதாகத் தெரிவதும் அப்படியே. கையை நீட்டிப் பென்சிலின் அடிமுனையால் மறைத்துப் பாருங்கள். விளிம்பில் இருக்கும்போதும் உச்சிக்கு வந்த பிறகும் அதே பென்சில் முனை மறைத்துவிடும்.

ரெண்டு பேர் ஒரே சம்பவத்தைப் பார்த்துட்டு வேற வேற சொன்னா, ஒருத்தர் பொய்தானே சொல்றார்?

அப்படி முடிவுகட்ட வேண்டாம். 1999இல் டானியல் சைமன்ஸும் கிறிஸ்தோபர் சப்ரிஸும், பந்து எத்தனை தடவை கைமாறுகிறது என்று எண்ணச் சொல்லி ஒரு வீடியோவைக் காட்டினார்கள். இடையே கொரில்லா வேடமிட்ட ஒருவர் நடுவே நடந்து போனார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைக் கவனிக்கவே இல்லை. கவனம் போகாத இடம் கண்முன்னே இருந்தும் காணாமல் போகும். சண்டை, விபத்து விசாரிக்கும்போது ஒவ்வொருவரையும் தனித்தனியே, மற்றவர் சொன்னதைக் கேட்பதற்கு முன்னால், எதைக் கவனித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

எல்லாத்தையும் மூளைதான் கட்டுதுன்னா, வெளியில உலகம்னு ஒண்ணு இருக்கிறதையே எப்படி நம்புறது?

முதல் கேள்வியின் தாளை நினைத்துப் பாருங்கள். புள்ளி மறைந்தது பிழை என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? மற்றக் கண்ணைத் திறந்தோம், விரலால் தொட்டோம், இன்னொருவரைக் கேட்டோம். மூன்றும் ஒத்துப்போயின. ஒன்றையொன்று அறியாத வழிகள் திரும்பத் திரும்ப ஒரே விடைக்கு வருவதற்கு, வெளியே ஏதோ இருந்து அவற்றைக் கட்டுப்படுத்துகிறது என்பதே மிக எளிய விளக்கம். பிழைகள்கூட ஒழுங்காக, முன்கூட்டியே சொல்லக்கூடியதாக இருக்கின்றன. 30 சென்ரிமீற்றரில் மறையும் என்றால் எல்லாருக்கும் அந்தத் தூரத்தை ஒட்டியே மறைகிறது.

அந்த வெளி உலகம் தன்னளவில் எப்படிப்பட்டது என்று நம்மால் அறியவே முடியாது என்று 1781இல் ஜெர்மனிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் வாதாடினார். அது வலுவான வாதம். ஆனாலும் பொருள்களுக்கிடையே உள்ள தூரம், எடை, வேகம் போன்ற உறவுகளை நம்மால் மேலும் மேலும் சரியாக அறிய முடிகிறது. நிறத்தைவிட இந்த உறவுகளை நாங்கள் கூடுதலாக நம்புகிறோம்.

பரிணாமம் உயிர்பிழைக்கத்தான் கண்ணைக் கொடுத்தது, உண்மையைக் காட்ட இல்லைன்னு ஒரு விஞ்ஞானி சொல்றாராமே?

டொனால்ட் ஹொஃப்மன் அப்படி வாதாடுகிறார். பாதி சரி: தேவையில்லாததைக் கண் விட்டுவிடுகிறது, தேவையானதைச் சிலவேளை மிகைப்படுத்துகிறது. ஆனால் பள்ளம் இருக்கும் இடத்தில் பள்ளம் தெரியாத உயிர் பிழைக்காது. உயிர்பிழைக்க வேண்டுமானால் குறைந்தது இடம், தூரம், அசைவு ஆகியவற்றில் உண்மையை ஒட்டியே போக வேண்டியிருக்கிறது. இன்னொன்று, பரிணாமம் நடந்தது என்பதையே எலும்புகளையும் உயிர்களையும் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தோம். கண்ணை அடியோடு தள்ளினால் வாதத்தின் அடித்தளமும் சேர்ந்து போய்விடும்.

கோயில் பிரசங்கத்துல சொல்ற மாயையும் இதுவும் ஒண்ணுதானே?

எந்த மரபின் பிரசங்கம் என்பதைப் பொறுத்தது. அத்வைதத்தில் பல பொருள்களாக உலகம் தோன்றுவதே மாயையால். நம் கோயில்களில் பெரிதும் பேசப்படும் சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லவில்லை. அங்கே மாயை என்பது உலகத்துக்கு முதற்காரணமான உள்பொருள், அதிலிருந்து தோன்றிய உலகமும் உண்மையானதே.

அந்த மரபின் அளவை நூல்கள் காட்சி, கருதல், உரை என்று அறியும் வழிகளைப் பிரிக்கும்போது, கயிறா பாம்பா என்று தடுமாறுவதை ஐயம் என்றும், கயிற்றைப் பாம்பென்றே துணிவதைத் திரிபு என்றும் தனியே எடுத்து வைக்கின்றன. சில காட்சி திரிந்ததால் எல்லாக் காட்சியும் பொய் என்று அவை முடிவுகட்டவில்லை.

சரி, கருவி வச்சு அளக்கலாம். கருவியையும் இந்தக் கண்ணாலதானே வாசிக்கிறோம்?

கண்ணால்தான். அதனால்தான் கண்ணுக்குக் கஷ்டமான வேலையைக் கருவியிடம் விட்டுவிட்டு, முள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்ற இலகுவான வேலையை மட்டும் கண்ணுக்கு வைக்கிறோம். முள்ளைப் பக்கவாட்டில் பார்த்தால் பிசகும், நேர் எதிரே நின்று வாசித்தால் சரியாகும். அதற்கு மேலும் சந்தேகம் என்றால், வேறு கொள்கையில் இயங்கும் இன்னொரு கருவியால் அதையே அளக்க வேண்டும்.

யாரும் கண்ணால் காணாத மூலக்கூறு அப்படித்தான் நிலைநாட்டப்பட்டது. 1908 முதல் பிரான்ஸின் ஜோன் பெரன், நம் கொரக்காவின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு மரத்தின் பிசினை நுண்மணிகளாக்கித் தண்ணீரில் விட்டு, எந்த உயரத்தில் எத்தனை மணிகள் மிதக்கின்றன என்று நுணுக்குக்காட்டியில் எண்ணி, ஒரு மோலில் (பொருளின் அளவைச் சொல்லும் வேதியியல் அலகு) எத்தனை மூலக்கூறுகள் என்று கணக்கிட்டார். கதிரியக்கத்தை வைத்தும், சூடான பொருள் விடும் ஒளியை வைத்தும், வானத்தின் நீலத்தை வைத்தும் அதே எண் கணிக்கப்பட்டது. பதுளைப் பக்கம் தூரத்து மலைகளை நீலமாகக் காட்டுவதும் அதே ஒளிச்சிதறல்தான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத அந்த வழிகள் எல்லாம் 6க்குப் பின் 23 சுழியங்கள் என்ற எண்ணுக்குக் கிட்டக் கிட்ட வந்து நின்றன. மூலக்கூறு என்பது வெறும் கற்பனை என்று அதுவரை வாதாடிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஒஸ்ட்வால்ட் போன்றவர்களும் பிறகு அதை ஏற்றுக்கொண்டார்கள்.